வெள்ளைத் தூளை மரத்தில் நிறுத்துவது எது? வீட்டில் கலக்கும் சாக் பெயிண்ட் பற்றிய விடைகள்

பாலிஷ் மங்கிப்போன பழைய தேக்கு அலமாரியை முழுவதும் சுரண்டாமல், மினுமினுப்பில்லாத வெண்மை ஒன்றை அதன்மேல் ஏற்ற முடியுமா? காய்ந்தபின் கையில் ஒட்டக் கூடாது. ஈரத்துணி பட்டால் கரையக் கூடாது. பக்கத்துக் கடையில் கிடைக்கும் பொருள்களை வைத்து வீட்டிலேயே கலக்க வேண்டும். இன்று ‘சாக் பெயிண்ட்’ என்று அழைக்கப்படும் பூச்சிடம் மக்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-ல் இந்தப் பெயரில் ஒரு பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் வணிகக் குறியாகப் பதிவானது. கலவை விவரம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. அதை ஊகித்து நிரப்பும் முயற்சியில்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கால்சியம் கார்பனேட், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட், சமையல் சோடா என்று வீட்டுச் செய்முறைகள் பெருகின.

கேள்வி மட்டும் மிகப் பழையது. வெள்ளைக் கல்லின் தூளை ஒரு பரப்பின்மேல் எப்படி நிலைக்க வைப்பது என்பதற்குச் சுவரோவியர்கள், தச்சர்கள், கொத்தனார்கள், பெயிண்ட் வேதியியலாளர்கள் எல்லோரும் தத்தமக்குரிய விடையைத் தந்திருக்கிறார்கள். அந்த விடைகளை விருதுநகர் மாவட்டத்தில் நின்று எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் படிகச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் பட்டைபட்டையாகக் கிடக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஆர்.ஆர். நகரிலும், 1970-ல் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலைகள் வந்ததற்கு இந்த வட்டாரத்துக் கல்லே காரணம். சிவகாசியிலோ தூளையும் பசையையும் சரியான அளவில் சேர்ப்பதே பிழைப்பு. தீக்குச்சியின் தலையில் இருப்பது விலங்குப் பசையில் குழைத்த தூள்கள். காலண்டர் அச்சாகும் ஆர்ட் பேப்பரின் வழவழப்பு, கால்சியம் கார்பனேட்டையோ வெண்களிமண்ணையோ பசையோடு பூசிப் பெற்றது. பசை குறைந்தால் அச்சு மை காகிதத்தின் பூச்சையே பிய்த்துக்கொண்டு வரும் என்பது அங்குள்ள அச்சகத்தாருக்குத் தெரிந்த சங்கதி.

அந்த அனுபவம்தான் இந்தக் கட்டுரையின் அளவுகோல். இன்றைய செய்முறைகள் பெரும்பாலும் எந்தத் தூள் சிறந்தது என்று வாதிடுகின்றன. பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது எந்தப் பசை, தூளுக்கு அது எவ்வளவு என்பதே என்று கருத வலுவான ஆதாரம் இருக்கிறது.

சுண்ணாம்பு: தானே தூள், தானே பசை

மிகப் பழைய விடை சுண்ணாம்புதான். கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, தண்ணீரில் நீற்றிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகிறது. வேறு பசை தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1930களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், அவை ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டப்பட்டவை என்றும், நிறங்களைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பே என்றும் முடிவுசெய்தார். ஆயிரம் ஆண்டுகள் நின்ற ஒரு முறையைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் அது சுவருக்கான முறை. மரத்துக்கு வந்தால் மூன்று இடையூறுகள் தென்படுகின்றன. மரம் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும்; கல்லாகிவிட்ட பூச்சு அந்த அசைவோடு போகாமல் செதில் செதிலாக உதிரும். நீறிய சுண்ணாம்பு கடுமையான காரம், அதன் பிஎச் 12-க்கு மேல். துவர்ப்புச் சத்து மிகுந்த கருவேலம் போன்ற மரங்களில் காரம் பட்டால் நிறம் கறுக்கும். எண்ணெய்ப் பூச்சு இருந்த மரமானால், அந்த எண்ணெயைச் சுண்ணாம்பு சவர்க்காரமாக்கிவிடும். மூன்றாவது, கரிசல் பூமியின் வெயில். சுண்ணாம்பு கல்லாவதற்குக் காற்று மட்டும் போதாது, சற்று ஈரமும் வேண்டும். சித்திரை, வைகாசியில் அடித்த சுண்ணாம்பு ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். உலர்வது வேறு, இறுகுவது வேறு. சட்டையில் ஒட்டும் சுவர்கள் பலவற்றின் கதை இதுதான்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். சுண்ணாம்போடு வச்சிரமோ அரிசிக் கஞ்சியோ சேர்த்தது அதற்காகத்தான். நீலம் சேர்த்தது மஞ்சள் சாயலைக் கண்ணுக்கு மறைப்பதற்கு. தனிச் சுண்ணாம்பை மரச் சாமானுக்குப் பரிந்துரைக்க இன்று நியாயம் குறைவு என்றே தோன்றுகிறது. கதவு நிலையின் கரட்டுப் பரப்பிலும் பரணிலும் அது செல்லலாம். கை படும் நாற்காலிக்கு அது ஏற்றதல்ல.

தோலும் கொட்டையும்: சமைத்த பசையின் வழி

மரத்தின்மேல் வெள்ளைத் தூளை நிறுத்தியவர்களின் உண்மையான மரபு சமைத்த பசையின் மரபு. இன்றைய சாக் பெயிண்டுக்கு நேர் முன்னோர் யார் என்று கேட்டால், சுண்ணாம்படித்த சுவரைவிடத் தஞ்சாவூர் ஓவியத்தின் பலகையைத்தான் காட்ட வேண்டும்.

வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் வச்சிரலேபம் என்ற பசைக் கூட்டுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் எருமைத் தோலைக் காய்ச்சிப் பசை எடுப்பதையும், அதை வெண்மண்ணோடு சேர்த்து ஓவியத்துக்கான தளம் அமைப்பதையும் விவரிக்கிறது. ஐரோப்பாவில் சுமார் 1400-ல் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, மரப்பலகைக்குத் தோல் பசையும் ஜிப்சத் தூளும் கலந்த அடிப்பூச்சைச் சொல்கிறார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இருந்தவர்கள் ஜிப்சத்துக்குப் பதில் சாக்குக் கல்லைப் பயன்படுத்தினார்கள். மண்ணில் எது கிடைத்ததோ அதைத் தூளாக்கினார்கள். பசை எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தூள் மாறியும் வேலை நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப் பலகையின்மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணத் தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்ந்த கலவையைப் பூசி, காய்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினால் வரும் பசை நார்த்தன்மையுள்ள மாவுப்பொருளால் ஆனது. மைதாப் பசையைவிட இழுவை அதிகம், காய்ந்தால் வெடிப்பும் குறைவு. புளியமரம் சாலையோரமெல்லாம் நிற்கும் மாவட்டத்தில் இதைவிட மலிவான மூலப்பொருள் இல்லை. இன்று பல ஓவியர்கள் ஃபெவிகாலுக்கு மாறிவிட்டார்கள். அந்த மாற்றத்தை மரபின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. என் பார்வையில் அது நியாயமான தேர்வு, ஏனென்றால் சமைத்த பசைகளின் குறை மிக வெளிப்படையானது: அவை தண்ணீரில் கரைந்தவை, மறுபடியும் தண்ணீரில் இளகும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் ஓவியத்துக்கு அது பொருட்டில்லை. காப்பி டம்ளர் வைக்கும் முக்காலிக்கு அது பெரிய பொருட்டு.

பூச்சியும் பூஞ்சையும் அடுத்த குறை. சிவகாசியின் நோட்டுப் புத்தகத் தொழிலிலும் பைண்டிங்கிலும் மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்ப்பது அதனால்தான். புத்தக முதுகுக்குள் மறைந்துவிடும் பசையில் அது சரி. குழந்தை கை வைக்கும் மரச் சாமானின் மேற்பூச்சில் செம்பு உப்பைச் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளை ஏற்க முடியாது.

இந்த வழியின் தொழிற்சாலை வாரிசுதான் டிஸ்டெம்பர். சாக்குத் தூளும் பசையும் கலந்த உலர் டிஸ்டெம்பருக்கு ஐ.எஸ். 427, எண்ணெய்க் குழம்பில் கட்டிய கழுவத்தக்க வகைக்கு ஐ.எஸ். 428 என்று இந்தியத் தரக்குறியீடுகள் தனித்தனியே வந்தன. உலர் வகை மறைந்து கழுவத்தக்க வகை வீடுகளைப் பிடித்ததே ஒரு தீர்ப்பு. தூள் அதேதான், பசை மாறியபோது பயன்பாடு மாறியது.

பால் வழி

பாலைத் திரித்து எடுக்கும் கேசீன் சுண்ணாம்போடு சேரும்போது கால்சியம் கேசினேட் ஆகிறது. அது காய்ந்தபின் எளிதில் கரைவதில்லை. சமைத்த பசையின் தண்ணீர்ப் பயத்துக்கு இது பழங்காலத்திலேயே கண்ட விடை. சென்னைச் சுண்ணம் என்று புகழ்பெற்ற, கண்ணாடிபோல் பளபளத்த பூச்சில் தயிரும் முட்டை வெண்கருவும் சேர்த்ததும், செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சும் இதே அறிவின் கிளைகள்.

மரத்தை இது நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒரு லிட்டர் பசும்பாலில் கிடைக்கும் கேசீன் சுமார் 26 கிராம்தான். கலக்கிய பூச்சு இந்த வெயிலில் மறுநாளே நாறும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் மண் நிறங்களை மட்டுமே சேர்க்கலாம். பழைய வார்னிஷின் மேல் அது ஒட்டுவதில்லை. பூச்சேறாத வெறும் மரத்துக்கே உரியது. சின்ன வேலைக்கு, புதிய பலகைக்கு, அன்றே கலந்து அன்றே முடிப்பவருக்கு இது இன்னும் மதிப்புள்ள வழி.

எமல்ஷனில் தூள்: இன்றைய செய்முறைகள்

இன்று பெரும்பாலோர் செய்வது, கடையில் வாங்கிய அக்ரிலிக் எமல்ஷனில் ஏதேனும் ஒரு தூளைச் சேர்ப்பது. ஒரு கப் எமல்ஷனுக்கு இரண்டு மூன்று கரண்டி கால்சியம் கார்பனேட், அல்லது மூன்றில் ஒரு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பவை பரவலான அளவுகள். இந்த அணிகளுக்கிடையிலான வாதத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், மங்கல் எப்படி வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சுண்ணாம்பு அடிக்கும்போது ஈரத்தில் சுவர் வெளுப்பதில்லை, காய்ந்தபிறகே வெளுக்கிறது. ஒளியை வளைக்கும் திறன் கால்சியம் கார்பனேட்டுக்குச் சுமார் 1.6, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக் பசைக்கு 1.5-க்கு அருகே. எண்கள் நெருங்கியிருப்பதால் பசைக்குள் முழுகிய சாக்குத் தூள் ஏறக்குறையக் கண்ணாடிபோல் ஆகிவிடும். தூள்களுக்கிடையே காற்று புகுந்தால்தான் வெண்மையும் மங்கலும் பிறக்கும். டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.7, எனவே அது பசைக்குள் முழுகியும் வெண்மையாக நிற்கிறது. கன்னியாகுமரி மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படும் அதே பொருள்தான், சாக்கை வெண்ணிறமி என்ற பதவியிலிருந்து நிரப்பி என்ற இடத்துக்கு இறக்கியது.

ஆக, தூள் கூடக்கூடப் பசை எல்லா இடுக்கையும் நிரப்ப முடியாமல் போகும் ஓர் எல்லை வருகிறது. ஆஸ்பெக், வான் லூ என்ற இருவர் 1949-ல் இதை நிறமிக் கன அளவின் முக்கிய எல்லை என்று வரையறுத்தார்கள். சாக்கு நிரம்பிய பூச்சுகளில் காய்ந்த படலத்தின் கன அளவில் 50 முதல் 60 சதவீதம் தூளாகும் இடத்தில் இந்த எல்லை பொதுவாக விழுகிறது. அதைத் தாண்டினால் மினுமினுப்பு போகும், வெண்மை கூடும், தேய்ப்பது எளிதாகும். கூடவே கறை உறிஞ்சும், உரசினால் பொடி உதிரும். சாக் பெயிண்டின் அழகும் பலவீனமும் ஒரே எல்லையின் இரு விளைவுகள்.

கரண்டிக் கணக்குச் செய்முறைகளின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. விலை மலிந்த எமல்ஷன் பலவற்றில் ஏற்கெனவே எல்லைக்கு அருகில் நிரப்பி இருக்கிறது. மூன்று கரண்டி சேர்த்தால் பசை போதாமல் போகும். பளபளப்பு வகை எமல்ஷனில் அதே மூன்று கரண்டி எந்த மாற்றத்தையும் காட்டாமல் போகலாம். ஒருவருக்கு வெற்றியாகவும் இன்னொருவருக்குத் தோல்வியாகவும் ஒரே செய்முறை முடிவதன் காரணம் கைப்பக்குவத்தைவிடப் பெரும்பாலும் இதுவே. பசை மிகுந்த எமல்ஷனில் தொடங்கி, தூளைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு அளவையும் கழிவுப் பலகையில் பூசிக் காயவிட்டு, கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்ப்பது எந்த எழுதிவைத்த அளவையும்விட நம்பகமானது. துணியில் வெள்ளை தெரியத் தொடங்கும் அளவுக்கு முந்தைய அளவே வேண்டியது.

இனி அணிகளின் வாதம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அணி, அது இறுகும் பொருளாதலால் பூச்சை உறுதியாக்கும் என்கிறது. இதை ஏற்பது கடினம். அது ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு நீர் நீக்கிய தூள். தண்ணீர் பட்டதும் சில நிமிடங்களில் மறுபடி ஜிப்சமாகும். எமல்ஷன் வாளிக்குள்ளேயே அது நடந்துவிடுவதால், இறுகும் பலன் மரத்துக்குக் கிடைப்பதில்லை. கட்டியும் நறநறப்பும்தான் மிச்சம். மேலும் ஜிப்சம் லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும்; கால்சியம் கார்பனேட் தூய நீரில் சில மில்லிகிராம் அளவே கரையும். கரைந்த கால்சியம் எமல்ஷனைத் திரியச் செய்யக்கூடும். கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கும்போதும் இதே ஆபத்து உண்டு, ஆகவே விருதுநகர்ப் பக்கத்தில் கலப்பதற்குக் குடிநீரையே எடுப்பது நல்லது. பிளாஸ்டர் அணிக்கு ஒரு தற்காப்பு சென்னினியிடமே இருக்கிறது. அவர் பிளாஸ்டரை நிறையத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் நாள்தோறும் கலக்கி, அதன் இறுகும் குணத்தைக் கொன்றபிறகே பயன்படுத்தச் சொன்னார். அப்படிச் செய்தால் மென்மையான நல்ல தூள் கிடைக்கிறது. ஆனால் அந்த உழைப்புக்குப் பின் கிடைப்பது வெறும் நிரப்பி. கால்சியம் கார்பனேட்டை நேராக வாங்கிவிடலாம்.

கிரவுட் அணி சேர்ப்பது சிமெண்ட். அதன் காரமும் கடினமும் மெல்லிய மரப்பூச்சுக்குத் தேவையில்லாதவை. வாளியில் மீதி வைத்தால் கல்லாகும். சமையல் சோடா தண்ணீரில் முழுவதும் கரையும் உப்பு. காய்ந்தபின் ஈரம் பட்டால் வெளியே பூத்துவிடும். கரடுமுரடான தோற்றம் வேண்டுவோர் அதை விரும்பலாம், நிலைத்த பூச்சு வேண்டுவோர் தவிர்க்கலாம்.

எஞ்சுவது கால்சியம் கார்பனேட். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. அரைத்தெடுக்கும் வகையில் படிகக் கல்லின் துகள்கள் பருமனாகவும் முனையோடும் இருக்கும். வேதிமுறையில் வீழ்படிவாக்கிய வகை மிக நுண்மையானது, அதே எடைக்கு அதிகப் பசையைக் கேட்கும். செய்முறைகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

சுரண்டாமல் பூசலாமா?

உப்புத்தாளே வேண்டாம், நேராகப் பூசலாம் என்பது சாக் பெயிண்டின் பெரிய விளம்பரம். இதற்குப் பாதி நியாயம் உண்டு. தூள் நிறைந்த பூச்சு சற்றுக் கரடான பழைய பாலிஷில் நன்றாகப் பிடிக்கும். சன்மைக்காவிலும், எண்ணெய்ப் பிசுக்கேறிய அடுப்படி அலமாரியிலும், மெழுகு ஏறிய மரத்திலும் பிடிக்காது. தச்சர்கள் பொதுவாக எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள்: தேய்க்காத வேலை வேலையே இல்லை என்பது அவர்கள் நிலை.

இரு தரப்பும் அதிகம் பேசாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூசிய தொட்டிலிலும் கட்டிலிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். அதை உலர வைத்துத் தேய்த்தால் ஈயத் தூசி வீடெங்கும் பரவும், தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குள் போகும். இத்தகைய சாமானில் தேய்க்க வேண்டாம் என்ற அணியே பாதுகாப்பின் பக்கம் நிற்கிறது. நீரில் நனைத்த உப்புத்தாளால் மேலோட்டமாக உரசி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

மரத்தின் சாயம் மேலேறும் சிக்கல் வேறு. கருவேலத்தின் துவர்ப்பும் தேக்கின் எண்ணெய்ச் சத்தும் நீர்ப்பூச்சின் வெண்மையில் சில நாள்களில் பழுப்புத் திட்டுகளாக எழும். அடியில் ஒரு கை அரக்குப் பாலிஷ் பூசி அடைப்பது பழைய பழக்கம், இன்றைக்கும் பொருந்துவது.

மேற்காப்பு எது என்பதிலும் இடம் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். குளிர்நாட்டு நூல்கள் மெழுகைச் சொல்கின்றன. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல்தான் என்றாலும் 40 டிகிரியை நெருங்கும்போதே இளகித் தூசியைப் பிடிக்கும். இங்கே நீர்வகை வார்னிஷ் ஒரு கை பூசுவதே கூடுதல் பொருத்தம். அதனால் மங்கல் சற்றுக் குறையும் என்பதை ஒத்துக்கொண்டாக வேண்டும்.

பட்டாசு வட்டாரத்தின் தனிக் கேள்வி

பிற ஊர்களில் எழாத ஒரு கேள்வி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் எழுகிறது: அந்த வெள்ளைத் தூள் எங்கிருந்து வந்தது?

ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து, ஒரு நூற்றாண்டாக இந்த வட்டாரத்தில் வெள்ளைத் தூள்கள் மூட்டைகளில் வந்து போகின்றன. பொட்டாசியம் நைட்ரேட்டாகிய வெடியுப்பு, பேரியம் நைட்ரேட், ஸ்ட்ரான்சியம் நைட்ரேட், தீக்குச்சித் தலைக்கான பொட்டாசியம் குளோரேட் எல்லாமே வெண்மைதான். கண்ணால் பார்த்து இவற்றைச் சாக்குத் தூளிலிருந்து பிரிக்க முடியாது. குளோரேட்டைக் கந்தகத்தோடோ வேறு எரிபொருளோடோ சேர்த்து உரசினால் தீப்பிடிக்கும். பேரியம் உப்புகளில் கரையக்கூடியவை நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தடை விதித்து, 2021-ல் அதை மீண்டும் உறுதிசெய்தது. தடைக்குப் பின் பழைய இருப்புகளும் காலி மூட்டைகளும் டப்பாக்களும் எங்கே போயின என்பது வீட்டில் பூச்சு கலப்பவருக்கும் உரிய கேள்விதான்.

சாக்குத் தூளைச் சோதிக்க வினிகர் ஊற்றச் சொல்வது வழக்கம்: நுரைத்தால் கார்பனேட், நுரைக்காவிட்டால் ஜிப்சம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் என்பதைக் காட்ட இது நல்ல சோதனை. பாதுகாப்பைக் காட்ட இது உதவாது. எலி மருந்தாகப் பயன்பட்ட பேரியம் கார்பனேட்டும் வினிகரில் நுரைக்கும். எனவே இந்த வட்டாரத்தில் பெயர் ஒட்டாத தூளை, அது எவ்வளவு மலிவாகவும் தெரிந்தவர் கையாலும் வந்தாலும், வீட்டுப் பூச்சில் சேர்க்கக் கூடாது. ஆலையிலிருந்து வந்த மூட்டையையோ டப்பாவையோ கலக்கும் பாத்திரமாக்கவும் கூடாது. பெயிண்ட் தரம் என்று குறித்து முத்திரையோடு வரும் கால்சியம் கார்பனேட்டின் கூடுதல் விலை, இங்கே செலவிடத்தக்க விலை.

கோலப்பொடியும் இதே தலைப்பில் வரும். கையருகே இருப்பதால் அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. கோலப்பொடி என்று விற்பது சில இடங்களில் கால்சைட், சில இடங்களில் டோலமைட், சில இடங்களில் வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் கலந்த பூச்சைக் காய்ந்தபின் தேய்த்தால் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குத் தீங்கு. கல் அரைக்கும் ஆலைகளில் உழைத்தவர்களின் மூச்சுக் கோளாறு இதற்குப் போதிய சாட்சி.

தீராமல் நிற்பவை

இருக்கும் ஆதாரங்களைக் கொண்டு பார்த்தால், பசை மிகுந்த அக்ரிலிக் எமல்ஷனில், எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவு கால்சியம் கார்பனேட் என்பதே அன்றாடம் புழங்கும் சாமானுக்கு ஓரளவு உறுதியான விடை. பூச்சேறாத வெறும் மரத்தில் பால் வழியும், தண்ணீர் படாத அலங்காரப் பொருளில் புளியங்கொட்டைப் பசையும் தம் இடத்தை இழக்கவில்லை. பிளாஸ்டர், கிரவுட், சோடா ஆகியவற்றுக்குச் சொல்லப்படும் சிறப்புகள் வேதியியலோடு இசையவில்லை.

ஆயினும் இந்த முடிவு தளர்வானது. முக்கிய எல்லை பற்றிய எண்கள் பெரும்பாலும் தொழிற்சாலைப் பூச்சுகளிலிருந்து வந்தவை. நாற்காலிக் கைப்பிடியில் படியும் வியர்வையும் தலை எண்ணெயும், ஊஞ்சல் பலகையின் உராய்வும் அந்தக் கணக்கில் இல்லை. புளியங்கொட்டைப் பசையைச் சிறிதளவு எமல்ஷனோடு சேர்த்தால் தண்ணீர்ப் பயம் எவ்வளவு குறையும் என்பதும், அதைப் பூஞ்சையிலிருந்து காக்க நஞ்சில்லாத பொருள் எது என்பதும் விடை வேண்டுபவை. எமல்ஷன் டப்பாவிலிருக்கும் கெடாப்பொருள், தூளும் தண்ணீரும் சேர்த்து நீர்த்தபிறகு எத்தனை நாள் காக்கும் என்பதைச் செய்முறை எழுதுவோர் சொல்வதில்லை. கோலப்பொடி விற்பனையில் சேர்மானம் குறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்பது வேதியியலைத் தாண்டிய கேள்வி.

இவற்றில் பலவற்றுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தேக்கு, வேம்பு, கருவேலம் என்று மூன்று மரங்களில், நான்கு பசைகளை, ஒரே பெயிண்ட் தரத் தூளோடு மூன்று அளவுகளில் பூசினால் 36 பலகைகள். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடக்கும்வரை அவற்றை வீட்டுத் திண்ணைபோல் காற்றும் ஈரமும் புகும் இடத்தில் வைத்து, மாதந்தோறும் ஒரே அழுத்தத்தில் கறுப்புத் துணியால் தேய்த்து உதிர்வை எடை பார்த்துக் குறித்துவந்தால், இந்த வட்டாரப் பாலிடெக்னிக் ஒன்றே முதல் உள்ளூர் எண்களைத் தர முடியும்.